கம்பளி போர்த்தணுமா டீச்சர்?

இது கொஞ்சம் நீளமான பதிவு. கையில் இருக்கும் வேலையை முடித்துவிட்டு நிதானமாகப் படியுங்கள்.

போன வாரம் என் பழைய மாணவன் ஒருவன் போனில் கூப்பிட்டான். இருக்கன்குடி பக்கம் தோட்டம் வைத்திருக்கிறான். நலம் விசாரித்து முடித்ததும் விஷயத்துக்கு வந்தான்.

"டீச்சர், தோட்டத்துல ரெண்டு தேன்பெட்டி வச்சிருக்கேன். குளிர்காலம் வருதுல்ல, யூடியூப்புல பெட்டியைச் சுத்திக் கம்பளி போர்த்தணும்னு சொல்றாங்க. கம்பளிக்கு எங்க போறது, சாக்கு போர்த்துனாப் போதுமா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சாத்தூரில் மார்கழி மாதம்கூட பத்து மணிக்கு மேல் குடை இல்லாமல் கடைத்தெருவுக்குப் போக முடியாது. அவன் பார்த்தது பனி கொட்டும் தேசத்தில் யாரோ எடுத்த வீடியோ. "கம்பளியை நீ போர்த்திக்க, தேனீக்கு வேண்டாம்" என்று சொல்லிப் போனை வைத்தேன்.

வைத்த பிறகு யோசித்துப் பார்த்தேன். அவன் கேட்ட முறை தவறாக இருக்கலாம், கேள்வி சரியானது. தேன் எடுத்த பிறகு, பூ இல்லாத மாதங்களில் தேனீக்கு என்ன செய்வது என்று கேட்டிருக்கிறான். 1989இல் என் வீட்டிலும் ஒரு பெட்டி இருந்தது. இந்தக் கேள்வியை நான் அப்போது கேட்கவில்லை. அதற்கு என்ன விலை கொடுத்தேன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் கொஞ்சம் வரலாறு. வகுப்பு எடுத்து நாளாகிவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

குளிர் தேசத்தின் கதை

ஐரோப்பாவிலும் அமெரிக்காவின் வட பகுதியிலும் குளிர்காலம் என்றால் நான்கைந்து மாதங்களுக்குப் பூவே கிடையாது. அந்த ஊர்த் தேனீ தூங்கிவிடுவதும் இல்லை, பறந்து போய்விடுவதும் இல்லை. எல்லாத் தேனீக்களும் ராணியை நடுவில் வைத்து, ஒன்றை ஒன்று ஒட்டிப் பந்து மாதிரி திரண்டு நிற்கும். இறக்கையை அசைக்காமலே, பறப்பதற்கான தசையை மட்டும் நடுங்கவைத்து வெப்பம் உண்டாக்கும். பந்தின் நடுவில் புழு வளரும் சமயத்தில், வெளியே பனி உறைந்து கிடந்தாலும், உள்ளே ஏறக்குறைய 35 டிகிரி இருக்கும். ஓரத்தில் இருப்பவை மெல்ல உள்ளே போகும், உள்ளே சூடானவை ஓரத்துக்கு வரும்.

இந்த அடுப்புக்கு விறகு தேன்தான். கடுங்குளிர் நாடுகளில் ஒரு கூட்டம் குளிர்காலத்தைத் தாண்ட 20, 30 கிலோ தேன்கூடத் தேவைப்படும். கோடையில் பிறக்கும் வேலைக்காரத் தேனீ ஆறு வாரம்தான் உயிரோடு இருக்கும். குளிர்காலத்துக்கென்று பிறப்பவை பல மாதங்கள் இருந்து, அடுத்த வசந்தத்தில் குஞ்சுகளை வளர்த்துக் கொடுத்துவிட்டுச் சாகும். ஆக, அந்த ஊர்த் தேனீ சேர்த்துவைக்கும் தேன் குளிர்காலச் சாப்பாடு. நாம் பாட்டிலில் பார்ப்பது அந்தச் சாப்பாட்டைத்தான்.

மனிதன் அதை எப்படி எடுத்தான் என்பதைக் கேளுங்கள். இங்கிலாந்து, பிரான்சு போன்ற நாடுகளில் பல நூற்றாண்டுகளாக வைக்கோலைத் திரித்துப் பின்னிய கூடைகளில் தேனீ வளர்த்தார்கள். கூடையைக் கவிழ்த்து வைத்தால் தேனீ உள்ளே அடை கட்டும். அடை கூடையோடு ஒட்டிக்கொள்வதால் தேனீயை வைத்துக்கொண்டு தேனை மட்டும் எடுக்க வழியில்லை. அதனால் இலையுதிர் காலம் வந்ததும் கூடைகளை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்ப்பார்கள். கனமான கூடையில் தேன் நிறைய இருக்கும். மிக இலேசான கூடை எப்படியும் குளிரில் பிழைக்காது. அந்த இரண்டு வகையையும் ஒதுக்குவார்கள். தரையில் குழி தோண்டி, கந்தகத்தில் தோய்த்த துணியைக் கொளுத்தி, அதன்மேல் கூடையை வைத்துவிடுவார்கள். கொஞ்ச நேரத்தில் எல்லாத் தேனீயும் செத்துக் குழியில் விழும். பிறகு அடையை அறுத்துத் தேன் எடுப்பார்கள்.

கந்தகப் புகை எப்படி இருக்கும் என்று நம் வட்டாரத்துப் பிள்ளைகளுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தீபாவளி மறுநாள் காலையில் தெருவில் இறங்கினாலே மூக்கில் ஏறும். அந்தப் புகையில் ஒரு கூட்டத்தையே அடைத்துவைத்ததை நினைத்துப் பாருங்கள்.

இதை மாற்றியவர்களில் இரண்டு பேரை எனக்குப் பிடிக்கும். ஒருவர் ஜெனிவா நகரத்து ஹூபர். கண் பார்வை இழந்தவர். பர்னன்ஸ் என்ற உதவியாளரின் கண்களைக் கொண்டு தேனீக்களை ஆராய்ந்து 1792இல் நூல் எழுதினார். புத்தகத்தின் பக்கங்களைப் புரட்டுவதுபோலத் திறக்கும் கூடு ஒன்றைச் செய்து, தேனீயைக் கொல்லாமல் உள்ளே பார்க்கலாம் என்று காட்டினார். இன்னொருவர் அமெரிக்கப் பாதிரியார் லாங்ஸ்ட்ராத். அவர் பள்ளியும் நடத்தியவர், நம் இனம். 1851இல் அவர் ஒரு சிறு அளவைப் பிடித்துக்கொண்டார். இடைவெளி ரொம்பக் குறுகலாக இருந்தால் தேனீ பிசின் வைத்து அடைத்துவிடுகிறது. அகலமாக இருந்தால் அடை கட்டிவிடுகிறது. அவர் கணக்கில் ஓர் அங்குலத்தில் எட்டில் மூன்று பங்கு இருந்தால் நடந்துபோகும் பாதையாக விட்டுவிடுகிறது. அந்த இடைவெளி விட்டுச் சட்டங்களைத் தொங்கவிட்டால் ஒவ்வொரு சட்டத்தையும் தனியாகத் தூக்கலாம், தேன் எடுக்கலாம், திரும்ப வைக்கலாம். இன்று உலகம் முழுவதும் இருக்கும் தேன்பெட்டிக்கு அடிப்படை அதுதான்.

பெட்டி வந்ததும் கந்தகத்துக்கு வேலை இல்லாமல் போனது. கூடவே மனிதனுக்கு ஒரு பொறுப்பும் வந்து சேர்ந்தது. கொல்லாமல் எடுக்க முடியும் என்றால், எவ்வளவு எடுப்பது, எவ்வளவு விட்டுவைப்பது என்று அவன்தானே முடிவுசெய்ய வேண்டும்? எடுத்ததற்குப் பதிலாக என்ன கொடுப்பது என்றும் யோசிக்க வேண்டும்.

பெட்டி நம் நாட்டுக்கு வந்த கதை

நம் ஊரிலும் தேன் புதிதல்ல. மலையிலும் பொந்திலும் எடுத்தார்கள், தென்கோடியில் மண்பானையைக் கவிழ்த்துவைத்தும் எடுத்தார்கள். புகை போட்டு, அடையை அப்படியே பிழிவார்கள். புழு, முட்டை எல்லாம் சேர்ந்து வரும். தேனும் கெடும், கூட்டமும் அழியும்.

வங்காளத்தில் டக்ளஸ் என்ற ஆங்கில அதிகாரி 1880களில் பெட்டி முறையைக் கொண்டுவர முயன்றார். 1884இல் ஒரு கையேடும் எழுதினார். அது பரவவில்லை. நம்முடைய இந்தியத் தேனீ, அதாவது பொந்துக்குள் அடுக்கடுக்காக அடை கட்டுகிறதே, அந்த அடுக்குத் தேனீ, ஐரோப்பியத் தேனீயைவிடச் சிறியது. கூட்டமும் சிறியது. பெரிய பெட்டி அதற்குப் பொருந்தாது. தென்னிந்தியாவில் 1911 முதல் 1917 வரை கிராமத்து மக்களுக்குத் தேனீ வளர்ப்புச் சொல்லிக்கொடுத்த நியூட்டன் பாதிரியார், நம் தேனீயின் உடம்புக்கு ஏற்ற சின்னப் பெட்டியை வடிவமைத்தார். இன்றும் 'நியூட்டன் பெட்டி' என்றுதான் சொல்கிறார்கள். கீழே புழு வளரும் அறை, மேலே தேன் அறை. மேலறைத் தேன் நமக்கு, கீழறை அதற்கு என்பது எழுதாத ஒப்பந்தம்.

திருவிதாங்கூரில் 1917இலும், மைசூரில் 1925இலும், சென்னை மாகாணத்தில் 1931இலும் இந்த வேலை தொடங்கியது. 1928இல் வந்த ராயல் விவசாயக் கமிஷன் அறிக்கையும் தேனீ வளர்ப்பைக் குடிசைத் தொழிலாகச் சொன்னது.

இதில் நமக்கு மிகப் பக்கத்தில் இருப்பது மார்த்தாண்டம். அப்போது அது திருவிதாங்கூர் சமஸ்தானம். 1956 நவம்பர் 1ஆம் தேதிதான் குமரி மாவட்டம் நம்மோடு சேர்ந்தது. 1920களில் ஸ்பென்சர் ஹாட்ச் என்ற அமெரிக்கர் அங்கே ஒய்.எம்.சி.ஏ. கிராமப் புனரமைப்பு மையத்தை நடத்தினார். ஏழை விவசாயி தன் வீட்டுக் கொல்லையிலேயே கொஞ்சம் கூடுதல் வருமானம் பார்க்க வேண்டும் என்பது அவர் எண்ணம். கோழி, பனைவெல்லம், அவற்றோடு தேன்பெட்டி. பிழியாமல் எந்திரத்தில் சுற்றி எடுத்த சுத்தமான தேனைக் கூட்டுறவாகச் சேர்த்து விற்கச் சொல்லிக்கொடுத்தார்கள். 1932இல் ஹாட்ச் எழுதிய நூலில் இந்த அனுபவங்கள் இருக்கின்றன.

பிறகு ரப்பர் மரம் கை கொடுத்தது. ரப்பர் மரம் மார்கழி வாக்கில் இலை உதிர்த்துத் தையில் துளிர்க்கும். அந்தத் தளிர் இலைக் காம்பின் நுனியில் இனிப்பு நீர் சுரக்கும். பூவில் இல்லை, இலையில்! தை, மாசி, பங்குனி மூன்று மாதமும் அதுதான் அந்தப் பகுதியின் தேன் காலம். பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு ரப்பர் தோட்டங்களுக்குப் போய்விடுவார்கள்.

என் நாத்தனாரைக் கட்டிக் கொடுத்தது மார்த்தாண்டம் பக்கத்தில். அவருடைய மாமனார் பெட்டி வளர்த்தவர். இளம் வயதில் ஒய்.எம்.சி.ஏ.வில் கற்றுக்கொண்டதாகச் சொல்வார். நாங்கள் போயிருந்தபோது கொல்லையில் பத்திருபது பெட்டிகள் இருந்தன. சட்டை போடாமல், கையுறை இல்லாமல் சட்டத்தைத் தூக்கிக் காட்டினார். எவ்வளவு தேன் கிடைக்கும் என்று நான் கேட்டேன். எல்லோரும் அதைத்தானே கேட்போம். அவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது.

"தேன் எடுக்கது மூணு மாசம் மக்களே. பாக்கி ஒம்பது மாசமும் அதுக்க உயிரைப் பாக்கணும். தேன் எடுக்க சின்னப் பிள்ளைக்கும் தெரியும். மழையில காப்பாத்தத் தெரிஞ்சாத்தான் அவன் தேனீக்காரன்."

நம் ஊர்க் குளிர்காலம் எது?

குமரியில் இரண்டு மழையும் உண்டு. ரப்பர்த் தேன் முடிந்து மழை இறங்கினால் தேனீக்குப் பஞ்சம்தான். நம் சாத்தூர்க் கணக்கு வேறு. கரிசல் காடு. பெய்யும் மழையில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் பெய்துவிடும். புரட்டாசி, ஐப்பசியில் விதைத்த கம்பும் சோளமும் மல்லியும் பாசியும் உளுந்தும் பூப்பது பிறகுதான். மல்லி பூத்துவிட்டால் மார்கழி, தையில் தேனீக்குக் கொண்டாட்டம். பங்குனி, சித்திரையில் வேம்பு பூக்கும். கோடையில் வைப்பாற்று மணலில் வெள்ளரி போட்ட காலம் ஒன்று இருந்தது. சாத்தூர் ஸ்டேஷனில் ரயில் நின்றால் வெள்ளரிப்பிஞ்சுக் கூடைகள் ஜன்னலுக்கு ஜன்னல் ஓடும். வெள்ளரியில் ஆண்பூ வேறு, பெண்பூ வேறு. தேனீ போகாவிட்டால் பிஞ்சு இல்லை. சாத்தூர் வெள்ளரியின் புகழில் பாதி அந்தச் சின்னப் பூச்சிக்குச் சேர வேண்டியது.

நடுவில் இரண்டு இடங்களில் பள்ளம். ஆனி, ஆடியில் காற்று அடித்து எல்லாம் காய்ந்து கிடக்கும். பிறகு அடைமழை. மழையில் தேனீ வெளியே போக முடியாது, போனாலும் பூவில் இருக்கும் இனிப்பு கழுவிப் போயிருக்கும். உள்ளே சேமிப்பு இருந்தால் பிழைக்கும். நமக்குக் குளிர்காலம் என்றால் அந்த ஐப்பசி, கார்த்திகைதான். குளிர் ஆபத்தில்லை. பசிதான் ஆபத்து.

இங்கே ஒரு பெரிய வித்தியாசம் இருக்கிறது. ஐரோப்பியத் தேனீ பட்டினியில் பெட்டிக்குள்ளேயே செத்துக் கிடக்கும். நம் தேனீ அப்படிச் சாகக் காத்திருக்காது. சேமிப்பு தீர்ந்ததும் ராணி முட்டையிடுவதைக் குறைக்கும். கடைசிக் குஞ்சுகள் வெளிவந்ததும் ஒரு நாள் வெயில் அடிக்கும் நேரம் பார்த்து மொத்தக் கூட்டமும் கிளம்பிவிடும். நம் கரிசல் காட்டு மக்கள் மழை பொய்த்த வருஷங்களில் மூட்டை கட்டிக்கொண்டு பஞ்சம் பிழைக்கப் போனார்களே, அதே மாதிரி.

என் பெட்டி

1989 மாசி மாதம் அந்தப் பெரியவர் எனக்கு ஒரு பெட்டி கொடுத்தார். வாசலைக் கம்பி வலையால் அடைத்து, ராத்திரி பஸ்ஸில் மடியில் வைத்தபடி கொண்டுவந்தேன். திருநெல்வேலி தாண்டியதும் பக்கத்து சீட்டு அம்மா "உள்ள என்னமோ முணுமுணுங்குதே" என்று கேட்டார். ரேடியோ என்று சொல்லிவிட்டேன். அந்தப் பொய்க்கு இன்றைக்கு மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

அப்போது நான் சாத்தூர் பக்கத்துக் கிராமத்தில் இடைநிலை ஆசிரியை. குடியிருந்ததும் அந்த ஊரிலேயே. வீட்டுக்குப் பின்னால் வேப்பமரத்தடியில் பெட்டியை வைத்தேன். எறும்பு ஏறாமல் இருக்க நான்கு காலுக்கும் நான்கு சிரட்டையில் தண்ணீர். அந்தத் தண்ணீரை ஊற்றுவது என் ஐந்தாம் வகுப்பு மாணவன் ஒருவனின் வேலை. நான் சொல்லவில்லை, அவனாகவே எடுத்துக்கொண்டான். தினமும் காலையில் பிரேயருக்கு முன்னால் செம்போடு வந்துவிடுவான். தேனீ மகரந்தம் கொண்டுவந்தால், "டீச்சர், இன்னைக்கு மஞ்சப் பொடி" என்று கணக்குச் சொல்வான்.

வேம்பு பூத்து முடிந்ததும் தேன் எடுத்தேன். பெருமை தாங்கவில்லை. தலைமையாசிரியர் வீட்டுக்கு ஒரு பாட்டில், அக்கம்பக்கத்துக்கு ஆளுக்கு ஒரு டம்ளர். ஆவணியில் மறுபடி திறந்து, கீழறைச் சட்டத்தின் ஓரத்தில் இருந்ததையும் அறுத்தேன். ஒப்பந்தத்தை மீறியது நான்தான். பெரியவரிடமிருந்து ஒரு போஸ்ட்கார்டு வந்தது. மழைக்கு முன்னால் சர்க்கரைத் தண்ணீர் வைக்கச் சொல்லி நான்கு வரி. படித்தேன், வருகைப் பதிவேட்டுக்குள் வைத்தேன், மறந்துவிட்டேன்.

தீபாவளி முடிந்தது, மழை பிடித்துக்கொண்டது. கார்த்திகையில் ஒரு நாள் வெயில் வந்தபோது பெட்டியைத் திறந்தேன். உள்ளே ஒரு தேனீகூட இல்லை. செத்துக் கிடக்கவும் இல்லை. அடையில் மெழுகுப்பூச்சிப் புழு நூல் கட்டியிருந்தது. சிரட்டை ஒன்றிலும் தண்ணீர் இல்லை, இலைதான் கிடந்தது.

சிரட்டையைப் பார்த்ததும்தான் அவன் ஞாபகம் வந்தது. பதிவேட்டைப் புரட்டினேன். தீபாவளிக்குப் பிறகு ஒரு நாளும் அவன் வரவில்லை. ஒவ்வொரு நாளும் 'வரவில்லை' என்று நானே என் பேனாவால் குறித்திருக்கிறேன். காய்ச்சலாக இருக்கும் என்று விட்டிருக்கிறேன். அதே பக்கங்களுக்கு நடுவில் அந்தப் போஸ்ட்கார்டும் இருந்தது.

அன்று சாயங்காலம் அவன் வீட்டுக்குப் போனேன். அவனும் தங்கையும் வாசல் திண்ணையில் உட்கார்ந்து தீக்குச்சி அடுக்கிக்கொண்டிருந்தார்கள். அவன் அப்பாவுக்குப் பட்டாசு வேலை. மழையில் காயவைக்க முடியாது, வேலை நின்றுவிடும், கூலியும் நின்றுவிடும். "ரெண்டு பேரும் அடுக்குனாத்தான் டீச்சர் அடுப்பு எரியுது" என்றார் அவன் அம்மா. அவரிடம் கோபப்பட எனக்கு என்ன தகுதி இருந்தது?

அவன் தலை நிமிர்ந்து கேட்ட முதல் கேள்வி இது: "தேனீ நல்லா இருக்கா டீச்சர்? சிரட்டைக்கு யாரு தண்ணி ஊத்துறா?"

நான் "நல்லா இருக்கு" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

குழந்தைத் தொழிலாளர் சட்டம் 1986இலேயே வந்துவிட்டது. சத்துணவு 1982 முதல் பள்ளியில் இருக்கிறது. எல்லாம் இருந்தும், மழை மாதத்தில் ஒரு வீட்டின் அடுப்பு அணைந்ததை அந்த வீட்டுப் பையனின் டீச்சர் கவனிக்கவில்லை. தேன் காலத்தில் நான் அந்தப் பெட்டியைத் தினமும் பார்த்தேன். பாடம் ஒப்பிக்கும்போது அந்தப் பையனையும் தினமும் பார்த்தேன். இரண்டு பேரையும் பார்க்கவேண்டிய மாதத்தில் பார்க்கவில்லை.

நான்கைந்து தடவை அவன் வீட்டுக்கு நடந்தேன். தலைமையாசிரியரும் ஒரு தடவை கூட வந்தார். பொங்கல் கழிந்து அவன் பள்ளிக்கு வந்தான். பெட்டியைப் பார்த்தான். ஒன்றும் கேட்கவில்லை. அதற்குப் பிறகு ஓய்வு பெறும்வரை ஐப்பசி, கார்த்திகையில் மூன்று நாள் சேர்ந்தாற்போல் வராத பிள்ளை எவர் என்றாலும் நான்காம் நாள் அந்த வீட்டில் போய் நின்றிருக்கிறேன். உங்களில் பல பேர் வீட்டுக்குக் குடையோடு வந்திருக்கிறேன். "டீச்சர் எதுக்கு மழையில வாராக" என்று உங்கள் அம்மாமார் கேட்டதற்குப் பதில் இதுதான்.

வெறும் பெட்டிகள்

சில வருஷம் கழித்து, இன்னொரு பெட்டி கேட்கலாம் என்று பெரியவரிடம் போனேன். கொல்லையில் பெட்டிகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கிடந்தன. எல்லாம் காலி. 1991, 92இல் தென்னிந்தியா முழுக்க இந்தியத் தேனீக்கு ஒரு கொள்ளைநோய் வந்தது. தாய்லாந்தில் 1976இல் கண்டுபிடிக்கப்பட்ட வைரஸ் நோய். 'தாய் சாக்புரூட்' என்பார்கள். புழு கூட்டுப்புழுவாக மாறாமல், தண்ணீர் நிறைந்த பை மாதிரி ஆகிச் சாகும். மருந்து கிடையாது. பத்துக் கூட்டத்தில் ஒன்பதுக்கு மேல் அழிந்ததாகக் கணக்கிட்டார்கள். மார்த்தாண்டம் பக்கத்தில் தேனை நம்பிக் கடன் வாங்கியவர்கள், மகளுக்கு நாள் குறித்தவர்கள் எல்லாம் காலிப் பெட்டியோடு நின்றார்கள்.

வடக்கே 1962இல் நக்ரோட்டாவில் கொண்டுவந்து பழக்கிய இத்தாலியத் தேனீக்கு இந்த நோய் ஒன்றும் செய்யவில்லை. அதனால் பிறகு தெற்கிலும் பலர் அதற்கு மாறினார்கள். பெரியவர் மாறவில்லை. அவரிடம் இரண்டு பெட்டி மட்டும் தப்பியிருந்தது. நான் போனது ஆடி மாதம், சாரல். தேன் ஒரு சொட்டுக் கிடைக்காது என்று தெரிந்தும், எண்பது வயதில், அந்த இரண்டுக்கும் சாயங்காலம் சர்க்கரைத் தண்ணீர் வைத்தார்.

"நோயில சாகாதது இது ரெண்டும்தான். பசியில போக விடலாமா?" என்றார்.

தப்பிப் பிழைத்த கூட்டங்களிலிருந்துதான் இந்தியத் தேனீ மறுபடி பெருகியது. நோயைத் தாங்கும் சக்தி அவற்றுக்கு இயற்கையிலேயே இருந்தது. அந்த மாதிரிக் கொல்லைகளில், தேன் தராத பெட்டிக்கும் சர்க்கரை வாங்கிப் போட்டவர்களுக்கும் அதில் பங்கு இருக்கிறது. இன்று என் மாணவன் தோட்டத்தில் இருக்கும் இரண்டு பெட்டித் தேனீயும் அப்படிப் பிழைத்த வம்சமாகத்தான் இருக்கும்.

சரி, என்ன செய்ய வேண்டும்?

போனில் முழுதும் சொல்லவில்லை. இங்கே எழுதுகிறேன். பெட்டி வைத்திருக்கும் மற்றவர்களுக்கும் உதவும்.

1. கம்பளி, சாக்கு எதுவும் வேண்டாம். மழைச்சாரல் உள்ளே போகாதபடி கூரை இருக்கட்டும். பெட்டி வாசல் பக்கம் லேசாகச் சாய்ந்திருந்தால் உள்ளே தண்ணீர் தேங்காது.

2. தேன் அறையை எடுத்துவிடு. கூட்டம் கீழறையில் நெருக்கமாக இருக்கட்டும். தேனீ மூடாத காலி அடைகளை எடுத்துப் பத்திரப்படுத்து. விட்டால் மெழுகுப்பூச்சி வரும். சட்டத்தின் ஓரத்தில் இருக்கும் தேனை மட்டும் தொடாதே.

3. வாரம் ஒரு முறை, ஒரு கூட்டத்துக்கு 200 கிராம் வெள்ளைச் சர்க்கரையை அதே அளவு தண்ணீரில் கரைத்து ஆறவைத்து, பெட்டிக்குள்ளே சிரட்டையில் வை. தேனீ விழுந்து சாகாமல் இருக்க இரண்டு மூன்று குச்சி மிதக்கவிடு. வெல்லம், கருப்பட்டி வேண்டாம், தேனீக்கு வயிற்றுக்கு ஆகாது. கடையில் வாங்கிய தேனும் வேண்டாம், நோய் கூடவே வரும்.

4. சாயங்காலம்தான் வைக்க வேண்டும், சிந்தாமல் வைக்க வேண்டும். பகலில் வைத்தால் பக்கத்துக் கூட்டம் மோப்பம் பிடித்துக் கொள்ளைக்கு வரும். வாசலையும் சிறிதாக்கிவிடு.

5. ரொம்பச் சின்னக் கூட்டமாக இருந்தால், நோய் இல்லை என்று பார்த்துக்கொண்டு, தெரிந்தவர் துணையோடு இன்னொன்றோடு சேர்த்துவிடு.

6. சர்க்கரைத் தண்ணீர் கொடுத்த காலத்தில் அடையில் இருப்பதைத் தேன் என்று எடுத்து யாருக்கும் கொடுக்காதே. அது தேன் இல்லை.

7. காலுக்குக் கீழே சிரட்டையில் தண்ணீர் இருக்கிறதா என்று தினமும் பார். இது ஏழாவதாக வந்தாலும் எனக்கு முதலாவது.

மல்லி பூக்கும்வரைதான் இந்தக் கஷ்டம். பிறகு அவையே பார்த்துக்கொள்ளும்.

அந்தப் பழைய நியூட்டன் பெட்டி இன்னும் என் வீட்டில் இருக்கிறது. மேலறையில் பழைய வருகைப் பதிவேட்டிலிருந்து எடுத்த அந்தப் போஸ்ட்கார்டை வைத்திருக்கிறேன். பெரியவர் காலமாகி வருஷங்கள் ஆகிவிட்டன. சிரட்டைக்குத் தண்ணீர் ஊற்றிய மாணவன் எட்டாவது வரை படித்தான். இப்போது திருப்பூரில் வேலை. அவனுடைய மகள் கல்லூரியில் சேர்ந்திருப்பதாகப் போன தீபாவளிக்கு வாழ்த்துச் சொல்லும்போது சொன்னான். இந்தப் பதிவை அவனும் படிப்பான்.

தம்பி, அன்றைக்கு நான் உன்னிடம் பொய் சொன்னேன். தேனீ நன்றாக இல்லை, போய்விட்டிருந்தது. உன் மேல் தப்பே இல்லை. தண்ணீர் ஊற்ற வேண்டிய ஆள் நான்தான்.

இருக்கன்குடித் தோட்டக்காரர் தை மாதம் ஒரு கூட்டம் பிரித்துத் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். வேப்பமரம் இல்லை, மாடியில் முருங்கைக்குப் பக்கத்தில்தான் வைக்க வேண்டும். அறுபத்தாறு வயதில் எனக்கு இது தேவையா என்று மகள் கேட்கிறாள். சர்க்கரை டப்பாவை நிரப்பி வைத்துவிட்டேன் என்று சொல்லியிருக்கிறேன்.

பிழை ஏதும் இருந்தால் தயங்காமல் சுட்டிக்காட்டுங்கள். மழையில் நனையாமல் இருங்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் யாராவது நாலு நாளாகப் பள்ளிக்குப் போகாமல் இருந்தால், ஒரு எட்டுப் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர், சாத்தூர்